திரையில் ஒலிக்கும் போலி அபாய மணி

கடந்த ஆண்டு ஒரு திங்கள்கிழமை காலை. நான் கணக்குத் தணிக்கை செய்துவரும் சிறு நிறுவனம் ஒன்றின் உரிமையாளர் தொலைபேசியில் அழைத்தார். நிறுவனத்தின் பெயரையும் ஊரையும் சொல்லாமல் விடுகிறேன். தணிக்கையாளருக்கு அந்தக் கட்டுப்பாடு உண்டு. முப்பது பேருக்கு வேலை கொடுக்கும் நிறுவனம் என்பது மட்டும் போதும். "ஆடிட்டர் சார், நடப்புக் கணக்குல நாலு லட்சத்துக்கு மேல குறையுது. நீங்க ஏதாவது வரி கட்டினீங்களா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

நான் எந்த வரியும் கட்டவில்லை. பணம் போனது சனிக்கிழமை பிற்பகல். உரிமையாளர் உறவினர் திருமணத்துக்காக வெளியூர் சென்றிருந்தார். அலுவலகத்தில் கணக்கு எழுதும் பெண் மட்டும் இருந்தார். பிரிண்டர் வேலை செய்யவில்லை. வண்டி வாசலில் நின்றது. பட்டியல் அச்சிட்டுக் கொடுத்தால்தான் சரக்கு கிளம்பும். பிரிண்டர் நிறுவனத்தின் பெயரைத் தேடுபொறியில் இட்டு, மேலே வந்த முதல் இணைப்பைச் சொடுக்கினார். அது ஒரு விளம்பரம்.

அடுத்த நொடி திரை முழுவதும் நீலமும் சிவப்புமாக மாறியது. அபாயச் சங்கு போல் ஓர் ஒலி. ஆங்கிலத்தில் ஒரு பெண் குரல் திரும்பத் திரும்ப எச்சரித்தது. கணினியில் ஆபாச உளவு மென்பொருள் இருப்பது கண்டறியப்பட்டுள்ளது, கணினியை அணைத்தால் தரவுகள் அனைத்தும் அழியும், உடனே கீழே உள்ள எண்ணை அழைக்கவும் என்றது. சுட்டியை எங்கே நகர்த்தினாலும் திரை அசையவில்லை. அவர் அந்த எண்ணை அழைத்தார்.

மறுமுனையில் பேசியவர் மிகவும் மரியாதையாகப் பேசினாராம். தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் செயலி ஒன்றை நிறுவச் சொல்லி, அதில் தோன்றிய எண்ணைக் கேட்டிருக்கிறார். இவர் படித்துச் சொன்னார். பிறகு கணினிக்குள் இருந்த 'கோளாறுகளை' அவர் ஒவ்வொன்றாகக் காட்டினார். மூன்றாண்டுப் பாதுகாப்புக்குச் சில ஆயிரம் ரூபாய் கட்ட வேண்டும் என்றார். வங்கியின் இணையதளத்தைத் திறந்தபோது திரை கறுத்தது. 'சுத்தம் செய்யப்படுகிறது' என்று ஒரு வாசகம் மட்டும் தெரிந்தது. ஓடிபி வரும் கைப்பேசி வழக்கம்போல் அதே மேசையின் இழுப்பறையில் இருந்தது. சுத்தம் செய்வதை உறுதிப்படுத்த வேண்டும் என்று கேட்டபோதெல்லாம் வந்த எண்களை அவர் சொல்லியிருக்கிறார்.

இது ஒரு பெண்ணின் அறியாமை பற்றிய கதை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பத்தாண்டுகளாக ஒரு ரூபாய் வித்தியாசம் வந்தாலும் இரவு எட்டு மணி வரை உட்கார்ந்து கண்டுபிடிப்பவர் அவர். நான் கேட்க விரும்பும் கேள்வி வேறு. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கே ஏதோ தவறாகிவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. திங்கள்கிழமை காலை உரிமையாளர் வங்கிக் கணக்கைப் பார்க்கும் வரை அவர் ஏன் யாரிடமும் சொல்லவில்லை?

இந்த மோசடிக்கு நீண்ட வரலாறு உண்டு. அச்சமூட்டிப் பணம் பறிக்கும் இத்தகைய மென்பொருளை ஆங்கிலத்தில் 'ஸ்கேர்வேர்' என்கிறார்கள். கணினியில் இல்லாத நோயை இருப்பதாகக் காட்டி, அதற்கு மருந்து விற்பதுதான் அதன் வேலை. 2008 டிசம்பரில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 'இன்னவேடிவ் மார்க்கெட்டிங்' என்ற நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. 'வின்ஃபிக்ஸர்', 'எக்ஸ்பி ஆன்டிவைரஸ்' போன்ற பெயர்களில் போலி வைரஸ் தடுப்பு மென்பொருள்களை 10 லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் விற்றதாகக் குற்றச்சாட்டு. சோதனை எதையும் செய்யாமலே 'உங்கள் கணினியில் வைரஸ்' என்று காட்டி, 39.95 டாலர் முதல் வசூலித்தார்கள். 2012-இல் அந்த வழக்கில் 16.3 கோடி டாலர் செலுத்துமாறு தீர்ப்பு வந்தது.

'எந்தக் கண்ட தளத்துக்குப் போனாய்?' என்று ஊழியரைக் கேட்கும் உரிமையாளர்கள் இன்னொரு நிகழ்வையும் அறிந்திருப்பது நல்லது. 2009 செப்டம்பரில் ஒரு வார இறுதியில் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழின் இணையதளத்தைப் படித்துக்கொண்டிருந்தவர்களின் திரைகளில் இப்படிப்பட்ட போலி வைரஸ் எச்சரிக்கை தோன்றியது. இணையவழித் தொலைபேசி நிறுவனம் ஒன்றின் பெயரைச் சொல்லி விளம்பர இடம் வாங்கியவர்கள், முதலில் ஒழுங்கான விளம்பரத்தைக் காட்டிவிட்டு, வார இறுதியில் அதை மாற்றிவிட்டார்கள். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகர நாளிதழ் ஒன்றின் தளத்திலும் 2010-இல் இதே உத்தி கையாளப்பட்டது. அங்கே ஒரு தங்கும் விடுதி நிறுவனத்தின் பெயர் பயன்பட்டது. தேடாத இடத்தில் தேடியதால் வந்த வினை அல்ல இது. செய்தி படித்தாலும் வரும், பிரிண்டருக்குத் தீர்வு தேடினாலும் வரும்.

பின்னர் மென்பொருளை விற்பதைவிடத் தொலைபேசியில் பேசுவது அதிக லாபம் தரும் என்று கண்டுகொண்டார்கள். இங்கேதான் நம் நாடு வருகிறது; பெருமைப்பட ஏதுமில்லை. 2012 அக்டோபரில் அதே அமெரிக்க ஆணையம் தொழில்நுட்ப உதவி என்ற பெயரில் நடந்த ஆறு மோசடிகளுக்கு எதிராக நடவடிக்கை எடுத்தபோது, அவற்றில் பெரும்பாலானவை இந்தியாவிலிருந்து இயங்குவதாகக் குறிப்பிட்டது. 2018-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் புகாரை அடுத்து குருகிராம், நொய்டா பகுதிகளில் போலி அழைப்பு மையங்களில் காவல் துறை சோதனை நடத்தியது. 2023 அக்டோபரில் 'ஆபரேஷன் சக்ரா-2' என்ற பெயரில் சிபிஐ நாடு முழுவதும் 76 இடங்களில் சோதனை நடத்தியது. மைக்ரோசாஃப்ட், அமேசான் நிறுவனங்களின் புகார்கள் மீதான வழக்குகளும் அதில் அடக்கம். நல்ல ஆங்கிலம், குளிரூட்டப்பட்ட அறை, மாத ஊதியம், இலக்கை எட்டினால் ஊக்கத்தொகை என்று சட்டப்படி நடக்கும் அழைப்பு மையத்தின் அத்தனை ஒழுங்கும் அங்கே இருந்தது. இல்லாதது அந்தச் சேவை மட்டுமே.

ஏமாறுவது வெளிநாட்டு முதியவர்கள்தானே என்று நம்மில் சிலர் அசட்டையாக இருந்தோம். மைக்ரோசாஃப்ட் 2021-இல் 16 நாடுகளில் நடத்திய ஆய்வில், முந்தைய 12 மாதங்களில் இத்தகைய மோசடி முயற்சியை எதிர்கொண்டதாகச் சொன்ன இந்தியர்கள் 69 சதவீதம். அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ-யிடம் பதிவான புகார்களின்படி, தொழில்நுட்ப உதவி மோசடிகளால் அந்நாட்டினர் 2023-இல் இழந்தது 92.4 கோடி டாலர். 2024-இல் 146 கோடி டாலர். புகார் கொடுத்தவர்களின் கணக்கு மட்டுமே இது.

அச்சத்தை விற்பது கள்ளர்களின் தனிச் சொத்தும் அல்ல. அமெரிக்காவின் 'ஆபீஸ் டிப்போ' என்னும் பெரிய எழுதுபொருள் விற்பனை நிறுவனம், தன் கடைகளில் இலவசமாகக் கணினி பரிசோதித்துத் தந்தது. பரிசோதனையின் தொடக்கத்தில் வாடிக்கையாளரிடம் நான்கு கேள்விகள் கேட்கப்படும்: கணினி மெதுவாக இயங்குகிறதா, வைரஸ் எச்சரிக்கை வந்ததா என்பதுபோல. ஒன்றுக்கு 'ஆம்' என்று சொன்னாலும் போதும். சோதனை எதைக் கண்டாலும் காணாவிட்டாலும் முடிவில் தீநிரலின் அறிகுறிகள் இருப்பதாகவே காட்டும் என்பது குற்றச்சாட்டு. 2019 மார்ச்சில் அந்நிறுவனமும் அதன் மென்பொருள் கூட்டாளியும் சேர்ந்து 3.5 கோடி டாலர் செலுத்தி வழக்கைத் தீர்த்துக்கொண்டன. நம் ஊரிலும் 'சர்வீஸ்' கடைக்குக் கணினியைக் கொண்டுபோனால் 'முழுக்க வைரஸ் சார்' என்று முதல் நிமிடத்திலேயே சொல்லப்படுவதை எத்தனை முறை கேட்டிருக்கிறோம்!

அந்தத் திரையின் சூட்சுமத்தைப் புரிந்துகொண்டால் பாதி அச்சம் விலகும். அது கணினிக்குள் புகுந்த எதுவும் அல்ல. ஓர் இணையப் பக்கம், அவ்வளவே. உலாவிக்கு முழுத்திரையாக விரியும் வசதி உண்டு. திரைப்படம் பார்ப்பதற்காக வந்த அந்த வசதியைப் பயன்படுத்தி, விண்டோஸின் எச்சரிக்கைப் பெட்டி போன்ற படத்தைத் திரை முழுக்க நிரப்புகிறார்கள். சோதனை நடப்பதுபோல் ஓடும் எண்கள் வெறும் அசைபடம். எஸ்கேப் விசையைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் முழுத்திரை சுருங்கிவிடும். இல்லையென்றால் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒருசேர அழுத்தி, வரும் பட்டியலில் உலாவியைத் தேர்ந்து அதை முடித்துவிடலாம். அதுவும் முடியாதென்றால் மின்பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிடலாம். சேமிக்காத ஒரு பக்கம் போகலாம். அவர்கள் மிரட்டுவதுபோல் தரவுகள் அழியாது. மீண்டும் உலாவியைத் திறக்கும்போது 'பழைய பக்கங்களை மீட்கவா?' என்று கேட்டால் வேண்டாம் எனச் சொல்ல வேண்டும். இவ்வளவுதான் முதலுதவி. தங்கள் பிழைச் செய்திகளிலும் எச்சரிக்கைகளிலும் தொலைபேசி எண் ஒருபோதும் இடம்பெறாது என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனமே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. எண் இருந்தால் அது பொய் என்ற ஒரே விதி, எந்த வைரஸ் தடுப்பு மென்பொருளைவிடவும் அதிகம் காப்பாற்றும்.

எண்ணை அழைத்துவிட்டவரிடம் அவர்கள் காட்டும் 'சான்றுகள்' சுவையானவை. விண்டோஸில் நிகழ்வுகளின் பதிவேடு ஒன்று உண்டு. நேற்று வாங்கிய கணினியிலும் அதில் சிவப்பும் மஞ்சளுமாகக் குறியிட்ட பதிவுகள் நிறைந்திருக்கும்; ஏதோ ஒரு சேவை தொடங்கத் தாமதமானால்கூடப் பதிவாகும். அதைத் திறந்து காட்டி, 'பாருங்கள், எத்தனை பிழைகள்!' என்பார்கள். கறுப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டினால் கணினி அப்போது எந்தெந்த இணைய முகவரிகளோடு தொடர்பில் இருக்கிறது என்ற பட்டியல் வரும். அதில் மறுமுனை முகவரிகளுக்கான பத்தியின் தலைப்பில் 'ஃபாரின்' என்ற சொல் இருக்கிறது. வெளியே உள்ள என்பதுதான் அங்கே அதன் பொருள். 'வெளிநாட்டுக்காரர்கள் உங்கள் கணினியில் நுழைந்திருக்கிறார்கள்' என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். அந்தப் பெண்ணுக்கும் இதையே காட்டியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் சிவப்பு எழுத்தில் கணினி சொல்வதை மறுக்கும் துணிவு தமிழ்வழியில் வணிகவியல் படித்த ஒருவருக்கு அந்த நேரத்தில் எங்கிருந்து வரும்? ஆங்கிலவழியில் படித்தவர்களுக்கும் வருவதில்லை என்பதை மேலே சொன்ன அமெரிக்கக் கணக்கு காட்டுகிறது.

ஆனால் முன்பின் தெரியாத ஒருவருக்குத் தொலைவிலிருந்து கணினியை இயக்க அவர் எப்படி அனுமதித்தார் என்று உரிமையாளர் கேட்டபோதுதான், குற்றத்தில் எங்களுக்கும் பங்கிருப்பது எனக்கு உறைத்தது. டேலியில் ஏதாவது சிக்கல் என்றால் மென்பொருள் விற்றவரின் ஆள் தொலைபேசியில் வருவார். 'எனிடெஸ்க் போடுங்க, நம்பர் சொல்லுங்க' என்பார். ஜிஎஸ்டி தாக்கலில் சந்தேகம் என்றால் எங்கள் அலுவலகப் பையனும் அதையேதான் சொல்வான். வாரத்தில் இரண்டு முறை யாரோ ஒரு குரலுக்கு அந்த எண்ணைப் படித்துச் சொல்லிப் பழகியவர் அவர். பெயர் கேட்கும் வழக்கமே இல்லை. கள்ளன் புதிதாக எதையும் கேட்கவில்லை; நாங்கள் பழக்கியதையே கேட்டான்.

அந்தச் செயலிகள் தம்மளவில் தவறானவை அல்ல. அவை வழியாக யுபிஐ மோசடிகள் நடப்பதாக 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி எச்சரித்தது. விண்டோஸுடன் வரும் 'குயிக் அசிஸ்ட்' வசதியையும் விட்டுவைக்கவில்லை. ஓர் ஊழியரின் மின்னஞ்சல் பெட்டியை ஆயிரக்கணக்கான குப்பை அஞ்சல்களால் நிரப்பிவிட்டு, பிறகு 'உங்கள் நிறுவனத்தின் கணினிப் பிரிவிலிருந்து பேசுகிறோம், சரிசெய்து தருகிறோம்' என்று அழைத்து, அந்த வசதி வழியாக உள்ளே நுழைந்த கும்பல் ஒன்றைப் பற்றி 2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அவர்கள் சில ஆயிரம் ரூபாயோடு போகவில்லை. தரவுகளைப் பூட்டிப் பிணைத்தொகை கேட்கும் தீநிரலை விட்டுச் சென்றார்கள். சிறு நிறுவனத்துக்கு வங்கி இருப்பைவிட இது பெரிய ஆபத்து. பத்தாண்டுக் கணக்கும் ஒரே கணினியில் இருக்க, காப்புப் படி எடுத்த வன்தட்டும் அதே கணினியிலேயே எப்போதும் செருகப்பட்டிருக்கும் அலுவலகங்களை நான் மாதந்தோறும் பார்க்கிறேன். இரண்டும் ஒரே நேரத்தில் பூட்டப்படும்.

ஆகவே நாங்கள் முதலில் மாற்றியது இந்தப் பழக்கத்தைத்தான். உதவிக்கு யார் அழைத்தாலும், 'நானே திரும்ப அழைக்கிறேன்' என்று சொல்லி இணைப்பைத் துண்டித்து, சுவரில் எழுதியுள்ள எண்ணுக்கு அழைக்க வேண்டும். அந்தப் பட்டியலில் நான்கு எண்கள்: கணினி பழுது பார்ப்பவர், டேலி விற்பனையாளர், வங்கிக் கிளை, என் அலுவலகம். தேடுபொறியில் வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடவே கூடாது. பொருளின் பெட்டியிலோ ரசீதிலோ உள்ள எண்தான். தொலை அணுகல் செயலியில் குறிப்பிட்ட கணினிகளிலிருந்து மட்டுமே இணைய அனுமதிக்கும் அமைப்பு இருக்கிறது. பழுது பார்ப்பவர் அரைமணி நேரத்தில் அதைச் செய்து கொடுத்தார். இத்தனை ஆண்டுகளாக ஏன் செய்யவில்லை என்றதற்கு, 'யாரும் கேக்கலையே சார்' என்றார். நியாயமான பதில்.

கணக்கு எழுதுபவர் அன்றாடம் பயன்படுத்தும் பயனர் கணக்குக்கு மென்பொருள் நிறுவும் உரிமை இருக்கக் கூடாது. நிர்வாகிக் கடவுச்சொல் வேறொருவரிடம் இருந்தால், மோசடிக்காரன் சொல்லும் பல செயலிகள் அந்த இடத்திலேயே தடைபடும். நிறுவாமலே இயங்கும் சில செயலிகளும் உண்டு என்பதால் இதை முழுக்காப்பாக நம்பிவிடவும் கூடாது. உலாவியில் விளம்பரத் தடுப்பானைச் சேர்த்தோம். விளம்பர வருவாயில் நடக்கும் நாளிதழ்த் தளத்தில் இதை எழுதுவது நெருடலாகத்தான் இருக்கிறது. ஆனால், தேடல் விளம்பரங்களில் ஆள்மாறாட்டம் மலிந்துவிட்டதால் விளம்பரத் தடுப்பானைப் பயன்படுத்துமாறு 2022 டிசம்பரில் எஃப்பிஐ-யே பரிந்துரைத்தது. தேடுபொறி நிறுவனங்களும் சும்மா இருக்கவில்லை. மைக்ரோசாஃப்டின் பிங் 2016-இலேயே தொழில்நுட்ப உதவி விளம்பரங்களைத் தடை செய்தது. கூகுள் 2018-இல் கட்டுப்பாடு அறிவித்தது. முழுத்திரை மிரட்டலை அடையாளம் கண்டு நிறுத்தும் வசதி 2025 தொடக்கத்தில் எட்ஜ் உலாவியில் முன்னோட்டமாக வந்தது. இவ்வளவுக்குப் பிறகும் அந்தச் சனிக்கிழமை விளம்பரம் வந்தது.

பணம் தொடர்பான ஏற்பாடுகளில்தான் சிறு நிறுவனங்கள் அசாத்திய மெத்தனத்தோடு இருக்கின்றன. நடப்புக் கணக்குகளுக்குப் பல வங்கிகள், ஒருவர் பதிவு செய்ய மற்றொருவர் ஒப்புதல் தரும் முறையை வைத்திருக்கின்றன. 'அவசரத்துக்கு ஆகாது' என்று உரிமையாளர்கள் அதைத் தவிர்த்துவிடுகிறார்கள். ஓடிபி வரும் கைப்பேசியை ஊழியரிடமே கொடுத்துவிடுகிறார்கள். பூட்டையும் சாவியையும் ஒரே ஆணியில் மாட்டுவதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. இப்போது அங்கே அந்தப் பெண் பதிவு செய்கிறார்; உரிமையாளர் தன் கைப்பேசியில் ஒப்புதல் தருகிறார். நாளொன்றுக்கான உச்சவரம்பையும் குறைத்தாகிவிட்டது. முதல் வாரம் முழுவதும் அவர் சலித்துக்கொண்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் தரப்பிலும் ஓர் ஒப்புதல் உண்டு. வரித் தாக்கலுக்கான மின்கையொப்ப டோக்கன்கள் வாடிக்கையாளர்களுடையவை. அவை பெரும்பாலும் எங்களைப் போன்ற தணிக்கையாளர்களின் இழுப்பறைகளில், ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய கத்தையாகக் கிடக்கின்றன. அல்லது வாடிக்கையாளரின் கணினியிலேயே நாள் முழுவதும் செருகப்பட்டிருக்கின்றன. வாங்கும்போது இருந்த ஒன்று முதல் எட்டு வரையிலான கடவுச்சொல்லைப் பலர் மாற்றுவதே இல்லை. தொலைவிலிருந்து கணினியை இயக்கும் ஒருவனுக்கு அது உரிமையாளரின் கையொப்பத்தையே கையில் கொடுத்ததற்குச் சமம். அந்தச் சனிக்கிழமை டோக்கன் அங்கே செருகப்பட்டிருக்கவில்லை. அது என் இழுப்பறையில் இருந்தது. அதில் நிம்மதி அடைவதா, வெட்கப்படுவதா என்று இன்னும் எனக்குத் தெளிவில்லை.

இனி, அவர் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி. என்னிடம் பிறகு சொன்னார்: "ஆபாசம்னு திரையில வந்துச்சு சார். நான் ஏதோ பார்த்தேன்னு நினைச்சுடுவாங்களேன்னு பயந்துட்டேன்." அந்தச் சொல்லை மோசடிக்காரர்கள் சும்மா போடவில்லை. அழைப்பவர் பக்கத்தில் உள்ளவரிடம் ஆலோசனை கேட்காமல் இருப்பதற்காகவே போடுகிறார்கள். சனிக்கிழமை இரவே, 'தவறுதலாகப் பணம் பிடிக்கப்பட்டுவிட்டது, திருப்பித் தருகிறோம், யாரிடமும் சொல்ல வேண்டாம்' என்று அவர்களே மீண்டும் அழைத்தும் பேசியிருக்கிறார்கள். அந்த நம்பிக்கையில் அவர் ஞாயிற்றுக்கிழமையைக் கடத்தினார். திங்கள்கிழமை வேலைக்கு வரும்போது, கழுத்துச் சங்கிலியை அடகு வைத்தால் எவ்வளவு கிடைக்கும் என்று விசாரித்துவிட்டு வந்திருந்தார்.

அந்த ஒன்றரை நாளின் விலை என்ன என்பதைச் சட்டத்தின் மொழியில் சொல்கிறேன். அனுமதியற்ற மின்னணுப் பரிவர்த்தனைகளில் வாடிக்கையாளரின் பொறுப்பு பற்றி ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் சுற்றறிக்கை வெளியிட்டது. தவறு வங்கியிடமும் இல்லாமல் வாடிக்கையாளரிடமும் இல்லாமல் வேறெங்கோ நிகழ்ந்திருந்தால், மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் அவருக்கு இழப்பில்லை. ஆனால், ஓடிபி போன்றவற்றைப் பகிர்ந்த கவனக்குறைவு என்றால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு முழுவதும் வாடிக்கையாளருக்கு. தெரிவித்த பிறகு ஏற்படுவது வங்கிக்கு. அதாவது தொலைபேசியை எடுக்கும் அந்த நிமிடத்தில்தான் பொறுப்பு கைமாறுகிறது. பணத்தைத் தடுத்து நிறுத்துவதும் நேரத்தைப் பொறுத்ததே. 1930 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் பதிவானதும் அது வங்கிகளுக்குச் செல்கிறது; அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாற்றப்படுவதற்கு முன்பு பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கே அதை நிறுத்திவைக்க முடியும். நாங்கள் திங்கள்கிழமை பத்தரை மணிக்கு அழைத்தோம். ஒரு கணக்கில் மிச்சமிருந்த சிறு தொகை மட்டும் சிக்கியது.

அன்று நாங்கள் செய்தவற்றின் வரிசை மற்றவர்களுக்குப் பயன்படலாம். கணினியை இணையத்திலிருந்து துண்டித்தோம். 1930-க்கும் வங்கிக்கும் அழைத்தோம். இணைய வங்கிச் சேவையை முடக்கச் சொன்னோம். வேறொரு கணினியிலிருந்து வங்கி, மின்னஞ்சல், ஜிஎஸ்டி, வருமான வரித் தளங்களின் கடவுச்சொற்களை மாற்றினோம். அதே கணினியில் மாற்றினால் புதிய சாவியையும் கள்ளன் கண் முன்னே வார்ப்பதாகிவிடும். இணையவழிக் குற்றங்களுக்கான தேசியப் புகார் வலைதளத்தில் பதிவு செய்து, மாவட்ட இணையக் குற்றப் பிரிவுக்கும் சென்றோம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில், கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. கணினியைப் பழுது பார்ப்பவர் முழுவதுமாக அழித்து விண்டோஸை மீண்டும் நிறுவினார். 'ஸ்கேன் செய்தால் போதும்' என்று சிலர் சொன்னதை அவர் கேட்கவில்லை, சரியான முடிவு. இணையப் பாதுகாப்பு நிகழ்வுகளை 6 மணி நேரத்துக்குள் 'செர்ட்-இன்' அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் வெளியான உத்தரவு, சிறு நிறுவனங்களுக்கும் அதே ஆண்டு செப்டம்பர் முதல் பொருந்துகிறது என்பதை அந்த உரிமையாளர் அன்றுதான் கேள்விப்பட்டார். அவரைக் குறைசொல்ல மாட்டேன். நான்தான் சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த இரண்டு வாரங்களில், 'இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்' என்று இரண்டு அழைப்புகள் வந்தன. ஏமாந்தவர்களின் பட்டியலும் விலைபோகும் சரக்குதான்.

புதன்கிழமை உரிமையாளர் என் அலுவலகத்துக்கு வந்தார். "அந்தப் பொண்ணு சம்பளத்துல மாசாமாசம் கொஞ்சம் பிடிச்சுக்கலாமா சார்?" என்று கேட்டார். கெட்ட மனிதர் அல்ல. நான்கு லட்சம் அவருக்கும் சிறு தொகை அல்ல. பிடித்துக்கொண்டால் எவ்வளவு தேறும் என்று ஒரு தாளில் கணக்குப் போட்டோம். பல ஆண்டுகள் ஆகும். பிறகு நான் அவரிடம் கேட்டேன்: "உங்க கடைசித் தம்பி வரைக்கும் முப்பது பேரும் இதைப் பார்த்துக்கிட்டு இருக்காங்க. அடுத்த முறை யாராவது தப்பா ஒரு பொத்தானை அழுத்தினா, உங்களுக்கு எத்தனை நாள் கழிச்சுச் சொல்லுவாங்க?" அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். சம்பளத்தில் பிடிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை எல்லோரையும் உட்காரவைத்து, எந்த நேரமானாலும், திருமண வீட்டில் இருந்தாலும் தன்னை அழைக்கலாம், உடனே சொன்னால் யாருக்கும் தண்டனை இல்லை என்று சொன்னார். அதை எழுதியும் ஒட்டினார்.

கடந்த மாதம் அந்தப் பெண் என்னை அழைத்தார். திரையில் ஏதோ அறிவிப்பு வந்திருக்கிறதாம். உரிமையாளரையும் பழுது பார்ப்பவரையும் அழைத்துக் கிடைக்காததால் பட்டியலில் அடுத்த எண்ணுக்கு வந்திருக்கிறார். படித்துக் காட்டச் சொன்னேன். விண்டோஸ் புதுப்பிப்புக்கான வழக்கமான அறிவிப்புதான், செய்துகொள்ளுங்கள் என்றேன். "நானும் அப்படித்தான் நினைச்சேன் சார். போன் நம்பர் எதுவும் இல்லை, பார்த்துட்டேன்" என்றார்.